கோடையில் உறங்கும் கலப்பை!

1969-ஆம் ஆண்டு பிப்ரவரி 9-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் நியூயார்க் நகரத்தில் பனி கொட்டத் தொடங்கியது. சிறிது விழுந்து பிறகு மழையாக மாறிவிடும் என்றுதான் எதிர்பார்த்திருந்தார்கள். எதிர்பார்த்தது நடக்கவில்லை. மறுநாள் ஓய்ந்தபோது நகரின் மையத்தில் 15 அங்குல உயரத்துக்குப் பனி குவிந்து கிடந்தது. கென்னடி விமான நிலையத்தில் ஆயிரக்கணக்கான பிரயாணிகள் சிக்கிக்கொண்டனர். பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன.

செல்வர்களும் வியாபாரிகளும் நிறைந்த மன்ஹாட்டன் பகுதியில் தெருக்கள் விரைவில் திறந்துவிட்டன. ஆனால் நடுத்தரக் குடும்பங்கள் மிகுந்த குவீன்ஸ் பகுதியில்? நாட்கள் கடந்தும் தெருக்கள் வெள்ளைப் போர்வையை விட்டு எழுந்திருக்கவில்லை. பஸ் ஓடவில்லை. குப்பை வண்டி வரவில்லை. சமாதானத்துக்காக நோபல் பரிசு பெற்ற ரால்ஃப் பன்ச் என்ற பெரியவரும் அந்தப் பகுதிவாசிதான். தம் வீட்டுப் பக்கம் பனி அள்ளும் வண்டி ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை என்று அவர் மேயருக்குத் தந்தி அடித்தார்!

மேயர் ஜான் லிண்ட்சே நேரில் பார்க்கப் புறப்பட்டார். அவருடைய காரே வழியில் பனியில் மாட்டிக்கொண்டது. வேறு வண்டியில் மாறிப் போய்ச் சேர்ந்தவரை ஜனங்கள் கூச்சலிட்டு வரவேற்றார்கள். அந்தப் புயலில் மாண்டவர்கள் 42 பேர். அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் குவீன்ஸ்வாசிகள்.

உலகத்தின் மிகப் பெரிய பணக்கார நகரத்தில் பனியைத் தள்ள யந்திரம் இல்லையா? இருந்தது. ஏராளமாக இருந்தது. ஆனால் பிறகு வெளியான செய்திதான் எல்லோரையும் திடுக்கிட வைத்தது. நகரசபையின் பனி அகற்றும் யந்திரங்களில் சுமார் 40 சதவீதம் ஓடும் நிலையிலேயே இல்லை. காரணம் என்ன? சரியான பராமரிப்பு இல்லை!

விடுமுறை நாள், தவறிப்போன வானிலைக் கணிப்பு என்று வேறு காரணங்களும் உண்டுதான். ஆயினும் பத்து யந்திரங்களில் நான்கு கொட்டகையிலேயே முடங்கிக் கிடந்தால் மற்ற ஆறும் என்ன செய்யும்?

ஏர் ஒன்று, வேலை வேறு

மண்ணை உழும் கலப்பைக்கும் பனியைத் தள்ளும் யந்திரத்துக்கும் ஆங்கிலத்தில் ஒரே பெயர்தான். பார்த்தால் காரணம் விளங்கும். நம் கலப்பை மண்ணைக் கீறிப் பக்கவாட்டில் புரட்டிப் போடுகிறது. பனிக்கலப்பையும் தரையை ஒட்டிச் சென்று பனியைச் சுருட்டி ஓரமாகத் தள்ளுகிறது. நம் ஏருக்கு ஒரு கொழு உண்டு; தேய்ந்தால் மாற்றுவோம். அதற்கும் அடியில் ஒரு எஃகுக் கொழு உண்டு, அதுவும் தேயும், அதையும் மாற்றத்தான் வேண்டும்.

1862-ஆம் ஆண்டிலேயே மில்வாக்கி நகரத்தில் குதிரை பூட்டிய பனிக்கலப்பை தெருவில் இறங்கிவிட்டது. மோட்டார் வாகனங்கள் பெருகிய பின் குதிரைக்கு வேலை போயிற்று. நியூயார்க் மாநிலத்தில் கிளேட்டன் என்ற சிற்றூரைச் சேர்ந்த கார்ல் ஃபிரிங்க் 1920-ல் மோட்டார் வண்டியின் முன்னால் மாட்டும் கலப்பைகளைச் செய்து விற்க ஆரம்பித்தார். இன்று நியூயார்க் நகரத்தில் குப்பை அள்ளும் லாரிகளே பனிக் காலத்தில் முகத்தில் கலப்பையை மாட்டிக்கொண்டு புறப்படுகின்றன.

நகரசபை லாரி மட்டுமல்ல. அமெரிக்காவின் வடக்கு மாநிலங்களிலும் கனடாவிலும், தனி மனிதர்கள் தங்கள் சொந்தப் பிக்கப் வண்டியில் கலப்பை மாட்டி வீட்டு வாசல், கடை முற்றம், ஆஸ்பத்திரிப் பாதை எல்லாவற்றையும் சுத்தம் செய்து பிழைக்கிறார்கள். கோடையில் புல்வெளி வெட்டுபவர், கட்டட வேலை செய்பவர், விவசாயி ஆகியோருக்கு மாரிக்காலத்தில் இதுதான் சோறு போடும் தொழில்.

இந்தப் பிக்கப் கலப்பை பெரும்பாலும் ஏழரை அடி, எட்டு அடி அகலம் இருக்கும். கனம் சுமார் 300 கிலோவும் அதற்கு மேலும். அது தள்ளும் சுமை எவ்வளவு என்று ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நூறு சதுர மீட்டர் முற்றத்தில் பத்து சென்டிமீட்டர் பனி விழுந்திருக்கிறது என்று வையுங்கள். பஞ்சு போன்ற புதுப் பனியானாலும் ஒரு டன் தேறும்! ஈரம் கலந்த பனியானால் இரண்டு, மூன்று டன். இப்படி ஒரு இரவில் முப்பது, நாற்பது வாசல்கள். இரும்பாயினும் இளைக்காதா?

உப்பிட்டவன் செய்யும் கேடு

ஆனால் இந்த யந்திரத்தின் பெரிய எதிரி பனியல்ல, உப்பு!

உப்புக் கலந்த நீர் சாதாரண நீரைப்போல் எளிதில் உறையாது. இந்த உண்மையைப் பயன்படுத்திச் சாலையில் உப்பைத் தூவிப் பனிக்கட்டியை இளக்குகிறார்கள். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் 1938-ல் இதைத் தொடங்கிவைத்தது. இன்று அமெரிக்கச் சாலைகளில் ஆண்டுதோறும் கொட்டப்படும் உப்பு சுமார் 2 கோடி டன். சாலைக்கு அது உயிர் காக்கும் மருந்து. இரும்புக்கோ மெல்லக் கொல்லும் விஷம்.

உப்பு நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். இரும்பு துருப்பிடிப்பது உள்ளூர ஒரு மின் இரசாயன மாற்றம். ஆகையால் உப்பு பட்ட இரும்பு பல மடங்கு வேகமாக அரிக்கப்படுகிறது. அத்துடன் காற்றிலுள்ள ஈரத்தை உப்பு தன்பால் இழுத்துக்கொள்ளும். உப்பு ஒட்டிய இடம் எளிதில் காய்வதே இல்லை.

இதில் பலரும் கவனிக்காத விசேஷம் ஒன்று உண்டு. கடுங்குளிரில் துரு மெதுவாகத்தான் பரவும். வெயில் ஏற ஏறத்தான் அதற்கு வேகம் பிறக்கும். பனிக் காலம் முடிந்தது, இனி வேலை இல்லை என்று கலப்பையைக் கழுவாமல் மூலையில் தள்ளிவிட்டுப் போகிறார் சொந்தக்காரர். அன்றுதான் துருவுக்கு வேலை ஆரம்பம்! பனியில் நான்கு மாதம் உழைத்துக் கெடாத யந்திரம், எட்டு மாதம் சும்மா இருந்து கெட்டுப்போகும் இரகசியம் இதுதான்.

பங்குனியில் குளியல்

ஆகவே தொழில் தெரிந்தவர்கள் கடைசிப் பனி கரைந்தவுடன், அதாவது நமக்குப் பங்குனி, சித்திரை வரும் சமயத்தில், கலப்பையைக் குளிப்பாட்டிவிடுகிறார்கள். முன்புறம் மட்டும் அல்ல. பின்பக்கத்துச் சட்டம், மடிப்பு, இடுக்கு, வண்டியின் அடிப்பாகம் எல்லாவற்றிலும் நீரைப் பீய்ச்சி உப்பு போகக் கழுவுகிறார்கள். பிறகு நன்றாக உலர விடுகிறார்கள்.

உலர்ந்த பின் உடம்பைப் பரிசோதிக்க வேண்டும். முதலில் கொழு. பெரும்பாலும் அரை அங்குலக் கனமுள்ள எஃகுப் பட்டை. போல்ட் போட்டு முறுக்கியிருக்கும். தரையில் உரசி உரசி அது தேய்ந்துகொண்டே வரும். தேய்மானம் போல்ட் தலைகளை நெருங்குவதற்குள் மாற்றிவிட வேண்டும். இன்னும் ஒரு வருஷம் ஓட்டலாம் என்று ஆசைப்பட்டால், கொழுவுக்கு மேலே உள்ள பெரிய தகடே தரையில் உராயத் தொடங்கும். கொழுவை மாற்றுவது சில்லறைச் செலவு. தகடு போனால் கலப்பையே போன மாதிரி. சில கொழுக்களைத் தலைகீழாகத் திருப்பி மாட்டி மறு விளிம்பையும் உபயோகிக்கலாம். செருப்புக்கு அடி மாற்றும் சிக்கனம்தான்!

அடுத்து சுருள்வில்கள். பனிக்கு அடியில் கல்லோ, சாக்கடை மூடியோ, நடைபாதை விளிம்போ மறைந்திருக்கும். கலப்பை அதில் மோதினால் இந்த வில்கள் இழுபட்டு, தகட்டை முன்னால் மடங்கவிட்டு, பிறகு நிமிர்த்திவிடும். வில் தளர்ந்திருந்தால் பனியின் பாரத்துக்கே தகடு மடங்கும். வில் முறிந்திருந்தால் மோதலின் வேகம் முழுவதும் வண்டியின் சட்டத்துக்கும், ஓட்டுகிறவரின் நெஞ்சுக்கும் போய்ச் சேரும். இணைக்கும் பின்கள், ஓட்டைகள், பற்றவைத்த இடங்கள் எல்லாவற்றையும் விளக்கு வைத்துப் பார்க்க வேண்டும். மயிரிழை போன்ற விரிசல் கோடையில் தெரிந்தால் ஒரு பற்றவைப்போடு முடியும். மார்கழி நள்ளிரவில் தெரிந்தால் வழியில் நிற்க வேண்டியதுதான்.

துருப்பிடித்த இடத்தைச் சுரண்டி, பிரைமர் பூசி, மேலே பெயிண்ட் அடிப்பது அழகுக்காக அல்ல. வழவழப்பான தகட்டில் பனி வழுக்கிக்கொண்டு ஓடும். சொரசொரப்பான தகட்டில் அப்பிக்கொள்ளும். அப்பிக்கொண்டால் வண்டி இழுக்கும் பாரம் கூடும், பெட்ரோல் செலவும் கூடும்.

இரத்தமும் நரம்பும்

கலப்பைக்கு உடம்பு எஃகு என்றால், இரத்தம் ஹைடிராலிக் எண்ணெய். ஒரு சிறு மின்மோட்டார் பம்பைச் சுழற்ற, எண்ணெய் அழுத்தம் பெற்றுக் குழாய்களின் வழியே பாய்ந்து பிஸ்டன் தண்டுகளைத் தள்ளுகிறது. கலப்பை மேலே எழுவதும், கீழே இறங்குவதும், இடமும் வலமும் திரும்புவதும் இதனால்தான்.

இந்த எண்ணெயில் நீர் கலந்தால் ஆபத்து. தொட்டிக்குள் புகும் காற்றின் ஈரம் குளிரில் துளித்துளியாகப் படிந்து எண்ணெயோடு சேரும். கோடையில் அது ஒன்றும் செய்யாது. மாரியில் உறைந்து பனிக்கட்டியாகி நுண்ணிய வால்வுகளை அடைத்துவிடும். விசையை அழுத்தினால் மோட்டார் முனகும், கலப்பை எழாது. கண்டுபிடிக்கும் வழி சுலபம். நல்ல எண்ணெய் தெளிவாக இருக்கும். நீர் கலந்தது பால் போல் வெளுத்திருக்கும். ஆண்டுக்கு ஒரு முறை பழைய எண்ணெயை முழுவதும் வடித்துவிட்டு, குளிரிலும் கெட்டியாகாத எண்ணெயாக, யந்திரம் செய்தவர்கள் குறிப்பிட்ட வகையையே ஊற்ற வேண்டும். கையில் கிடைத்ததை ஊற்றினால் பம்பின் ரப்பர் வளையங்கள் உப்பிக் கெட்டுவிடலாம்.

பளபளவென்று குரோம் பூசிய பிஸ்டன் தண்டுகளில் இன்னொரு சூட்சுமம். எவ்வளவு முடியுமோ அவ்வளவு உள்ளே தள்ளி வைப்பது நல்லது. ஆனால் இடமும் வலமும் திருப்பும் இரண்டு தண்டுகளை ஒரே சமயத்தில் உள்ளே அடக்க முடியாது. ஒன்று உள்ளே போனால் மற்றது வெளியே வரும். ஆகையால் வெளியே தெரியும் பகுதிக்கெல்லாம் கிரீஸைத் தாராளமாகப் பூசி வைக்கிறார்கள். பூசாமல் விட்டால் குரோமில் பொட்டுப் பொட்டாகத் துரு ஏறும். அடுத்த பருவத்தில் அந்தத் துரு ரப்பர் வளையத்தை அரம் போல் அறுக்கும். எண்ணெய் ஒழுகும். ஒரு விரல் கிரீஸை மிச்சம் பிடித்ததற்குக் கிடைக்கும் கூலி அது.

நரம்பு என்பது மின் இணைப்பு. கலப்பை மோட்டாருக்கு மின்சாரப் பசி அதிகம். நூறு ஆம்பியருக்கு மேலும் இழுக்கும். இணைப்பில் சிறிது பச்சைக் களிம்பு ஏறினாலும் மின்சாரம் தடைப்படும், ஒயர் சுடும், மோட்டார் திணறும். எனவே முனைகளைத் தேய்த்துச் சுத்தம் செய்து, மின் இணைப்புக்கென்றே விற்கும் கிரீஸைத் தடவி, மூடி போட்டு வைக்க வேண்டும். வண்டியின் முகப்பில் தொங்கும் செருகியை மறந்துவிடுவோர் பலர். கோடையெல்லாம் தூசியும் மழைநீரும் குடிப்பது அதுதான்.

படுக்கும் முறை

இனிக் கலப்பையை உறங்கவைக்க வேண்டும். எங்கே, எப்படி?

சமதரை வேண்டும். மண்ணிலோ புல்லிலோ நேரே வைத்தால் அடியிலிருந்து ஈரம் ஏறும். மரப்பலகைகளை அடுக்கி அதன் மேல் இறக்க வேண்டும். கொட்டகை இருந்தால் உத்தமம். இல்லையேல் தார்பாய் போதும். ஆனால் தரைவரை இறுகக் கட்டிவிடக் கூடாது. காற்றோட்டம் இல்லாத தார்பாய்க்குள் ஆவி கட்டி, மூடாததைவிட அதிகக் கேடு விளையும்.

கலப்பையை இறக்கிய பின், குழாய்களில் தங்கியுள்ள அழுத்தத்தையும் விடுவிக்க வேண்டும். கலப்பை தன் பாரத்திலேயே தரையில் கிடக்கும்படி விசையை வைத்தால் அழுத்தம் தணிந்துவிடும். அதைச் செய்யாமல் குழாய்களைக் கழற்றி வைத்தால், கோடை வெயிலில் உள்ளே அடைபட்ட எண்ணெய் விரிந்து அழுத்தம் இன்னும் ஏறும். பிறகு எத்தனை பேர் கூடித் தள்ளினாலும் குழாய் முனை மறுபடி பொருந்தாது.

மற்றோர் எச்சரிக்கை, யந்திரத்துக்காக அல்ல, குழந்தைகளுக்காக. இடம் மிச்சமாகும் என்று கலப்பையைச் சுவரில் சாய்த்தோ, ஜாக்கியின் மேல் தூக்கியோ வைக்கக் கூடாது. 300 கிலோ எஃகு சரிந்தால் பிடித்து நிறுத்த யாராலும் ஆகாது. தரையில் படிந்து கிடக்கும் கலப்பைதான் நல்ல கலப்பை.

வண்டியையும் மறக்கலாகாது. மாரி முழுவதும் முன்சக்கரங்களின் மேல் அத்தனை பாரம் தொங்கியிருக்கிறது. கலப்பையைத் தாங்கும் சட்டத்தின் போல்ட்டுகள் அதிர்ந்து தளர்ந்திருக்கும். அவற்றை முறுக்க வேண்டும். முன் அச்சின் மூட்டுகளைச் சோதிக்க வேண்டும். பின்பக்கம் எடைக்காகப் போட்ட மணல் மூட்டைகளை இறக்கிவிட வேண்டும்.

ஐப்பசியில் ஒத்திகை

நம் ஊரில் ஆயுத பூஜைக்காக யந்திரங்களைத் துடைத்துப் பொட்டு வைக்கும் அதே பருவத்தில்தான் அங்கே கலப்பைகள் கண் விழிக்கின்றன. முதல் பனிக்குப் பல வாரங்கள் முன்பே அதை வண்டியில் மாட்டி, ஏற்றி, இறக்கி, இருபுறமும் திருப்பிப் பார்க்கிறார்கள். எண்ணெய் கசிகிறதா? எலி ஒயரைக் கடித்திருக்கிறதா? பாட்டரிக்குப் பலம் இருக்கிறதா? விளக்குகள் கலப்பையின் தலைக்கு மேல் ஒளி வீசுகின்றனவா? இத்தனை கேள்விகளுக்கும் பதில் தெரிந்துவிடும்.

வண்டிக்குள் ஒரு சிறு பெட்டியும் தயாராகும். மாற்றுக் குழாய் ஒன்று, இரண்டு பின்கள், ஒரு சுருள்வில், சில போல்ட்டுகள், ஒரு டப்பா எண்ணெய், ஸ்பானர்கள். புயல் இரவில் கடை திறந்திருக்காது. திறந்திருந்தாலும் ஊரிலுள்ள அத்தனை கலப்பைக்காரர்களும் அங்கேதான் வரிசையில் நிற்பார்கள்.

தனி ஆளாகத் தொழில் செய்பவருக்கு இதன் மதிப்பு நன்கு தெரியும். அவர் விடியுமுன் சுத்தம் செய்து தருவதாகச் சொல்லி முன்பணம் வாங்கியிருக்கிறார். ஒரு குழாய் வெடித்தால் அன்றைய இரவின் கூலி மட்டுமா போகும்? வாடிக்கையே போய்விடும். அதைவிடப் பெரிது, அவர் திறக்காத வாசல் ஒன்றின் உள்ளே மூச்சுத் திணறும் முதியவர் ஒருவர் இருக்கலாம். ஆம்புலன்ஸ் வரும், வாசல்வரை வர வழியிராது.

மிகைப்படுத்திச் சொல்வதல்ல இது. 2022 டிசம்பரில் எரி ஏரிக்கரையிலுள்ள பஃபலோ நகரத்தைப் பனிப்புயல் தாக்கியது. கிறிஸ்துமஸை ஒட்டிய அந்த நாட்களில் நான்கு அடிக்கு மேல் பனி விழுந்தது. நகரிலும் சுற்றுப்புறத்திலும் 40 பேருக்கு மேல் இறந்தனர். காப்பாற்றப் போன வண்டிகளே பனியில் புதைந்தன. அத்தகைய புயலை எந்தக் கலப்பையாலும் வெல்ல முடியாமல் போகலாம். ஆனால் புயல் ஓய்ந்த மறுகணம் புறப்பட வேண்டியவை கலப்பைகள்தான். அந்த நேரத்தில் ஒவ்வொரு யந்திரத்துக்கும் உயிர்களின் விலை உண்டு.

மின்னசோட்டா மாநிலத்தில் 800-க்கும் மேற்பட்ட சர்க்கார் பனிக்கலப்பை வண்டிகள் இருக்கின்றன. அவற்றுக்கு வேடிக்கைப் பெயர்கள் சூட்டும் போட்டி ஒன்றை 2020-21 பனிக் காலத்தில் அங்கே ஆரம்பித்தார்கள். ஜனங்கள் உற்சாகமாக ஓட்டுப் போட்டார்கள். உழவு மாட்டுக்குப் பெயர் வைத்து அழைக்கும் நம் குடியானவர்களுக்கு இது அதிசயமாகத் தோன்றாது. உழைக்கும் மாட்டுக்குப் பெயர் மட்டும் வைத்தால் போதுமா? வேலை இல்லாத நாளிலும் தீனி வைக்க வேண்டாமா?

மறக்காத பாடம்

குவீன்ஸ் தெருக்களில் ஏச்சு வாங்கிய மேயர் லிண்ட்சே, 1969 ஜூனில் தம் சொந்தக் கட்சியின் வேட்பாளர் தேர்தலிலேயே தோற்றார். பிறகு வேறு கட்சியின் சார்பில் நின்றார். அந்தப் பிரசாரத்தின்போது டெலிவிஷனில் தோன்றி, பனி விஷயத்தில் தாம் தவறிவிட்டதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். நவம்பரில் நியூயார்க் மக்கள் அவரை மறுபடி மேயராக்கினார்கள்.

மேயரை மக்கள் மன்னித்துவிட்டார்கள். ஆனால் அந்த 42 பேரும் திரும்பி வரவில்லை.

வெயில் காயும் ஜூலை மாதத்தில், ஏதோ ஒரு கொட்டகையில் கழுவித் துடைத்து, கிரீஸ் பூசி, பலகை மேல் கலப்பை ஒன்று உறங்கிக்கொண்டிருக்கும். பார்ப்பவர்களுக்கு அது பழைய இரும்புபோல்தான் தோன்றும். ஆனால் மார்கழி நள்ளிரவில், பனி மூடிய தெருமுனையில் ஆம்புலன்ஸ் ஒன்று வழி தேடி நிற்கும்போது, அந்த இரும்பு எழுமா எழாதா என்பது கோடையிலேயே முடிவாகிவிட்ட விஷயம்.